மின்காருக்குப் பலூன் கடன்: 3 வருடமா, 5 வருடமா?

மின்காருக்குப் பலூன் கடன் (ஒரு பெரிய தொகையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளி வைத்து, மாதத் தவணையைக் குறைக்கும் கடன்) எடுத்தால் 3 வருடமா, 5 வருடமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதத் தவணை கையைக் கடிக்கிறது, அதனால்தான் பலூன் பக்கம் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். 2020 செப்டம்பர், கொரோனா நேரம். சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் பாதி ஆர்டர்கூட இல்லை. அப்போது எதற்குக் கார் என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டது போதும்.

10 லட்சம், 9 சதவீதம், 60 மாதம். சாதாரணக் கடன் என்றால் தவணை 20,758. 3 லட்சத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளியதும் 16,781 ஆனது. மாதம் 4,000 மிச்சமாகிறதே என்று மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் தள்ளி வைத்த 3 லட்சத்துக்கும் 5 வருடம் வட்டி ஓடுகிறது. மொத்தத்தில் சுமார் 61,000 கூடுதல். (வட்டிக் கணக்கு தெரியாதவன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், வெள்ளிக்கு வட்டி கட்டியே வளர்ந்த குடும்பம் இது. புதுக் காரைப் பார்த்ததும் கணக்கு மறந்துவிட்டது.) வட்டி கூடுமே என்றதற்கு, "வரியில கழிச்சுக்கலாம் சார்" என்றார் கடன் பிரிவுக்காரர். வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் மின்கார் கடன் வட்டியை வருடத்துக்கு 1.5 லட்சம் வரை கழிக்க முடிந்தது உண்மைதான். அது 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும். இப்போது யாராவது அதைச் சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசித் தொகைக்குக் காரையே விற்றுவிடலாம் என்பது என் திட்டம். போன வருடம் பார்க்க வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. முழுச் சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று எட்டிப் பார்த்தார். பேட்டரி உத்தரவாதம் எவ்வளவு மிச்சம் என்றார். 8 வருடத்தில் 5 போயிருந்தது. அவரை உட்கார வைத்து ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன், அடிவாரம் வருவதற்குள் சார்ஜ் 6 சதவீதம் ஏறியதைக் காட்டினேன். "புதுசே இப்ப விலை இறங்கிருச்சேங்க" என்று சொல்லிவிட்டு ஒரு தொகை கேட்டார். அதை இங்கே எழுத மனமில்லை. காரை விற்கவில்லை. கட்டி வெள்ளி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துக் கடனை அடைத்தேன். கார் எடுத்தபோது கிராம் 70 ரூபாய் வாக்கில் இருந்த வெள்ளி, அன்று 130ஐத் தாண்டி நின்றது.

ஆகவே, சீட்டோ வைப்புத் தொகையோ எந்த மாதம் கைக்கு வருமோ அந்த மாதத்தில் கடைசித் தவணை விழுமாறு வையுங்கள். 36வது மாதம் வரும் என்றால் 3 வருடம். வருவதற்கு ஒன்றுமே இல்லையா? சாதாரணத் தவணைக் கடனே எடுங்கள், இல்லாவிட்டால் சின்னக் காராகப் பாருங்கள். பலூனே கூடாது என்று நான் சொல்லவில்லை. போனஸ் உறுதியாக வரும் சம்பளக்காரருக்கு அது ஒத்துவரலாம்.

இன்னொன்று, கடனோடு சம்பந்தமில்லை. முன்பணம் கட்டும் முன் உங்கள் அபார்ட்மென்ட் செயலாளரிடம் சார்ஜர் வைக்க எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். எங்கள் ஆள், தீப்பிடிக்கும் என்று எட்டு மாதம் இழுத்தடித்தார். நான் தினமும் பட்டறை வாசலில் 15 ஆம்பியர் பிளக்கில் ஒயரை இழுத்துப் போட்டுச் சார்ஜ் ஏற்றினேன். போன மாதம் அவரே ஒரு மின்கார் எடுத்திருக்கிறார். அதே வாரத்தில் அவர் பார்க்கிங்கில் சார்ஜர் ஏறிவிட்டது.