கூடங்குளத்தில் இருப்பது போன்ற அணு உலை ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் எப்படி அடங்கும்?

கேட்டவர் ராதாபுரம் பக்கத்துக்காரர் என்பதால் கூடங்குளத்தை வைத்தே சொல்கிறேன். அங்கே இருப்பதும் அழுத்த நீர் உலைதான், கப்பலில் இருப்பதும் பெரும்பாலும் அதே வகைதான். உலை தண்ணீரைச் சூடாக்கும், அந்தச் சூட்டில் நீராவி பிறக்கும், நீராவி டர்பைனைச் சுழற்றும். வித்தியாசம் அளவில்தான். கூடங்குளத்தின் ஒவ்வொரு உலையும் 1000 மெகாவாட் மின்சாரம் தரும். கப்பலுக்கு அதில் சிறு பங்கு போதும். அப்புறம் எரிபொருள். அமெரிக்காவின் வர்ஜீனியா வகைத் தாக்குதல் கப்பல்களில் மிக அதிகம் செறிவூட்டிய யுரேனியம், அதாவது எளிதில் பிளவுபடும் அணுக்களின் பங்கைக் கூட்டிய யுரேனியம், இருப்பதால், சுமார் 33 ஆண்டு ஆயுள் முழுக்க எரிபொருள் மாற்ற வேண்டியதில்லை.

நீர்மூழ்கியைக் கட்டும்போது உருளை உருளையாகத் தனித்தனிப் பகுதிகள் செய்து, உள்ளே இயந்திரங்களை ஏற்றி, பிறகு ஒன்றாகப் பற்றவைப்பார்கள். அந்தப் பற்றவைப்பைத்தான் நான் பெரிய வேலை என்பேன். ஒரு விரிசல் போதும், கடலின் அழுத்தம் விடாது. இயந்திரங்களை அதிர்வை உறிஞ்சும் மேடைகளில் வைப்பார்கள். சத்தம் கேட்டால் எதிரி கண்டுபிடித்துவிடுவான் இல்லையா?

கடல்நீரிலிருந்தே குடிநீரும் ஆக்ஸிஜனும் எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு தீர்ந்தால்தான் திரும்ப வேண்டும்.

சரி, ஆழத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி எப்படிப் போகும்? சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் இறங்காது, மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை சில மீட்டர் இறங்கும். அதை அனுப்பும் கடற்படை நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில்தான் இருக்கிறது. 1990 முதல் இயங்கும் அதன் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.