ஃபயர்பாலைக் குறைக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் ஐந்து பேர் வார இறுதிகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடிக்கும் மேசை ஆட்டத்தை ஆடி வருகிறோம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள். ஆட்டத்தை நடத்துவது நான். கதாபாத்திரங்கள் ஐந்தாம் லெவலை எட்டியதிலிருந்து ஒரு சிக்கல். மந்திரவாதியாக ஆடுபவர் முதல் சுற்றிலேயே ஃபயர்பால் என்ற தீக்கோள மந்திரத்தை வீசுகிறார், எதிரே நிற்கும் ஓர்க் என்ற அரக்கர் கூட்டத்தில் பெரும்பகுதி விழுந்துவிடுகிறது. போர்வீரனாக ஆடுபவருக்கு மிச்சம் மீதியை வெட்டுகிற வேலைதான். போன வாரம் அவர் பாதி நேரம் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபயர்பாலின் சேதத்துக்காக உருட்டும் எட்டுப் பகடைகளை ஆறாகக் குறைத்துவிடலாமா? ஒரு மந்திரம் அளவுக்கு மீறியதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

குறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் எண்ணத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நடத்துநருக்கான கையேட்டிலேயே, பலரை ஒருசேரத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு ஆறு ஆறுமுகப் பகடைகள் என்றுதான் அளவு கொடுத்திருக்கிறார்கள். ஃபயர்பால் அந்த அளவைத் தாண்டியே நிற்கிறது. ஆனால் உங்கள் ஓர்க்குகளை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர்க் ஒன்றுக்கு 15 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி. எட்டுப் பகடைகளின் சராசரி 28, ஆறு பகடைகளின் சராசரி 21. சேவிங் த்ரோவில், அதாவது தாக்குதலிலிருந்து தப்ப உருட்டும் பகடையில், தோற்ற ஓர்க் இரண்டிலும் சாகிறது. வென்ற ஓர்க்குக்குப் பாதிச் சேதம், அதாவது எட்டுப் பகடைக்கு 14, ஆறு பகடைக்கு 10. சராசரியாகப் பார்த்தால் அது இரண்டிலும் பிழைத்துக்கொள்கிறது. நீங்கள் விதியை மாற்றியும் சண்டை மாறாது, மந்திரவாதியாக ஆடும் நண்பருக்கு மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

ஒரு மந்திரத்தை எடைபோட, அது எத்தனை பகடைகளை உருட்ட வைக்கிறது என்பதைவிட, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, அது வந்ததும் மேசையில் இருக்கும் மற்றவர்களில் யாருடைய வேலை இல்லாமல் போகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்த ஆட்டத்தின் பழைய பதிப்புகளைப் படித்தால் முதல் கேள்வியை அவர்கள் எவ்வளவு கறாராகக் கேட்டார்கள் என்பது தெரியும். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் மந்திரவாதிக்கு லெவலுக்கு ஒரு நான்முகப் பகடை அளவுதான் ஹிட் பாயின்ட், கவசம் கிடையாது, முதல் லெவலில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம், அதையும் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அடி விழுந்தால் மந்திரம் வீண். அந்த ஃபயர்பாலுக்கு, லெவலுக்கு ஒரு பகடை வீதம் ஏறிக்கொண்டே போகும் சேதத்துக்கு, உச்சவரம்பே இல்லை. ஆனால் அதன் தீ ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஒரு சுரங்கப்பாதையில் அது வெடித்தால், வெடித்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் 165 அடிக்கு நெருப்பு பாயும். வீசியவரும் அவர் தோழர்களும் எங்கே நிற்கிறார்கள் என்று அளந்து பார்க்காமல் வீச முடியாது. அந்த அளக்கும் நேரத்தில், முன்வரிசையில் நிற்கும் போர்வீரன் என்ன செய்யப்போகிறான் என்பதை மந்திரவாதி கேட்டே ஆக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது, ஏனென்றால் மந்திரத்தின் பலத்தை அது ஒரு துளியும் குறைக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் இந்த விலைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் தீக்கோளம் இருபதடி ஆரத்தோடு நின்றது, அடிபட்டாலும் மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பகடை உருட்டலாம் என்றானது, எல்லா வகுப்பினரும் (போர்வீரன், மந்திரவாதி, திருடன் போன்ற பாத்திர வகையினர்) ஒரே அனுபவப் புள்ளியில் லெவல் ஏறினார்கள். சேதத்துக்குப் பத்துப் பகடை என்ற வரம்பு இருந்தும் மந்திரவாதிகளும் பூசாரிகளும் உயர் லெவல்களில் ஆட்டத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2008இன் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அச்சில் திறன்களை வார்த்து இதைத் தீர்த்தது. அதைப் பலர் பழித்தார்கள். சமநிலை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் அதுவே நேர்மையான தீர்வு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் மந்திரம் மந்திரமாகத் தோன்றவில்லை என்ற குறையை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

நீங்கள் ஆடும் பதிப்பில் முதன்மையான விலை, நாள்: ஒரு நாளுக்கு இத்தனை மந்திரம்தான் என்ற வரம்பு. மந்திரம் ஒன்றைப் போட ஒரு ஸ்லாட் செலவாகும், செலவானவை நீண்ட உறக்கத்துக்குப் பிறகே திரும்பும். ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு. இடையில் ஒரு ஷார்ட் ரெஸ்ட் (குறுகிய ஓய்வு) எடுத்தால் இன்னொன்றை மீட்கலாம். ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மோதல்கள் வரும் என்று கையேடு எதிர்பார்க்கிறது. போர்வீரனோ இருகை வாளால் இரண்டு வெட்டும் பட்டால் சுமார் 22 சேதம் தருகிறான். நாள் முழுவதும், எத்தனை சண்டை வந்தாலும். 59 ஹிட் பாயின்ட் உள்ள ஓர் ஓகர் (பெரிய அரக்கன்) தனியாக வந்தால் ஃபயர்பாலும் அவன் வாளும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் மேசையில் ஒரு நாளுக்கு ஒரு சண்டைதான் நடக்கிறது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் மந்திரவாதி செலவுக் கணக்கே பார்க்க வேண்டியதில்லை.

அதனால் நான் சந்தேகத்தோடு பார்ப்பது ஃபயர்பாலை அல்ல, லியோமண்டின் டைனி ஹட் என்ற மந்திரக் கூடாரத்தை. சடங்காகச் செய்தால் அதற்கு ஸ்லாட் கூடச் செலவில்லை. பகைவர் கோட்டையின் நடுவிலும் எட்டு மணி நேரம் யாரும் உள்ளே வர முடியாத கூடாரம் கிடைக்கிறது. ஆட்டத்தின் முக்கியமான விலையையே அது தள்ளுபடி செய்துவிடுகிறது, அதுவும் ஒரு பகடை கூட உருளாமல். அதைத் தடைசெய்யச் சொல்லவில்லை. உள்ளே அவர்கள் உறங்கும் எட்டு மணி நேரத்தில் வெளியே காவலர்கள் கூடட்டும், பிணையாளை வேறிடத்துக்குக் கொண்டுபோகட்டும்.

நல்ல விலைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நாக் மந்திரத்தைப் பாருங்கள். பூட்டைத் திறக்கிறது, ஆனால் 300 அடி தூரம் வரை அந்தச் சத்தம் கேட்கும். அதனால் திருடனாக ஆடுபவரின் கள்ளச்சாவிக்கு மதிப்பு அப்படியே இருக்கிறது. ஒருவரை வேகப்படுத்தும் ஹேஸ்ட் மந்திரம் இன்னும் நல்லது: அதைப் போர்வீரன்மேல் போட்டால் அவனுக்குக் கூடுதலாக ஒரு வெட்டு, மந்திரத்தை நிலைநிறுத்தும் மந்திரவாதியின் கான்சன்ட்ரேஷன் (மன ஒருமுனைப்பு) கலைந்தால் போர்வீரனுக்கு ஒரு முறை பறிபோகும். இருவரும் ஒருவரையொருவர் காக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. எதிரிகளைப் பரவலாக நிறுத்துங்கள், ஒரே அறையில் குவிக்காதீர்கள். அப்போது ஹேஸ்ட்டைத் தேடி மந்திரவாதியே வருவார். வருகிற எதிரிக்கெல்லாம் நெருப்பு தாங்கும் உடம்பைக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். தான் தேர்ந்தெடுத்த மந்திரத்துக்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்று நண்பருக்கு இரண்டாவது வாரமே புரிந்துவிடும்.

சமநிலையே வேண்டாம் என்று துணிந்த ஆட்டமும் உண்டு. 1987இல் வெளியான ஆர்ஸ் மேஜிக்காவில் மந்திரவாதிகள் மற்றவர்களைவிட வெளிப்படையாகவே பலசாலிகள். ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியையும் ஒரு துணைவரையும் உருவாக்கி, கதைக்குக் கதை மாறி மாறி ஆடுகிறார்கள். நீண்ட காலம் சேர்ந்து ஆடும் குழுவுக்கு இதுவும் ஏற்றதே.

ஒரு நாளுக்குள் ஆறு சண்டைகளை அடுக்குவது உங்கள் கதைக்குப் பொருந்தாது என்றால், அதே கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், ஸ்லாட்டெல்லாம் திரும்பும் லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) ஏழு நாள். ஒரு வாரத்தில் நடக்கும் சண்டைகளெல்லாம் ஒரே நாளின் கணக்கில் வந்துவிடும். ஆட்டத்துக்கு நடுவில் அறிவிக்காமல், தொடங்கும் முன்பே நால்வரிடமும் பேசிச் சம்மதம் வாங்குங்கள். கவசமாகக் காக்கும் மேஜ் ஆர்மர் போன்ற மந்திரங்கள் எட்டு மணி நேரம்தான் நிற்பவை. புதிய கணக்கில் ஒரு வாரத்துக்குள் அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டே ஸ்லாட்டெல்லாம் கரைந்துவிடும். அத்தகைய மந்திரங்களின் கால அளவை மட்டும் அதே விகிதத்தில் நீட்டிக் கொடுங்கள்.

அன்புடன்.