எம்.ஆர்.ஐ.யில் ரிப்போர்ட்டர் ஜீன் என்பது ஸ்கேனுக்கு முன் போடும் ஊசிதானா?

இல்லை. அந்த ஊசியில் போவது பெரும்பாலும் கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து. இரத்தத்தோடு ஓடி, குழாய் கசியும் இடங்களை வெளிச்சமாகக் காட்டிவிட்டு சிறுநீரோடு போய்விடும். ரிப்போர்ட்டர் ஜீன் கலத்துக்குள் குடியேற்றுகிற மரபணு. கலம் பிரிந்தால் குஞ்சுக் கலங்களுக்கும் போகும்.

நான் அட்டன் பக்கம் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். இந்தப் பாடத்துக்கு உவமையாக லயத்துப் புகையைத்தான், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் புகையைத்தான், எடுப்பேன். எதிர் மலை லயத்துக்குள் என்ன நடக்கிறதென்று இங்கிருந்து தெரியாது. ஆனால் கூரைக்கு மேலே புகை எழும்பினால் அடுப்பு பற்றிவிட்டது. நாம் கவனிக்க நினைக்கும் மரபணுவும் இப்படித்தான், வெளியே தெரியாது. அதை இயக்கும் சுவிட்சிலேயே இன்னொரு மரபணுவையும் கோர்த்துவிட்டால், அது வேலை செய்யும்போதெல்லாம் இதுவும் ஒரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதம்தான் புகை.

இவற்றில் பெயர்போனது ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதம். 2008இல் வேதியியல் நோபல் அதற்குத்தான். கண்ணாடிபோன்ற சிறு புழுவுக்கு அருமையாக உதவும், உடம்பின் ஆழத்துக்கு உதவாது. இழையத்தில் ஒளி சிதறிவிடும். வட்டவளையில் மூடுபனி இறங்கிய இரவில் வேன் லைட்டை எவ்வளவு கூட்டினாலும் முன்னால் வெள்ளைச் சுவர்தானே, அதே கதை. காந்தப்புலத்துக்கும் ரேடியோ அலைக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. பார்ப்பது பெரும்பாலும் நீரிலுள்ள ஐதரசன் கருக்களை. ஆகவே நம் புரதம் அந்த நீரை ஏதாவது செய்தாக வேண்டும்.

ஒரு வழி இரும்பு. அம்மா கொழுந்து பறித்த காலத்தில் எந்நேரமும் களைப்பு. கிளினிக்கில் கொடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டில்தான் ‘ஃபெரிட்டின்’ என்ற சொல்லை முதலில் பார்த்தேன். இரும்பைச் சேர்த்துவைக்கும் புரதம், 24 துண்டுகள் சேர்ந்த பந்து அது. உள்ளே சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும். கலம் இதை அளவுக்கு மீறிச் செய்தால் இரும்பையும் இழுத்துச் சேர்க்கும். பக்கத்திலுள்ள காந்தப்புலம் குழம்பி, படத்தில் அந்த இடம் இருளும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவரின் ஈரலில் சேர்ந்த இரும்பை எம்.ஆர்.ஐ.யில் அளப்பதும் இந்த இருட்டை வைத்துத்தான். 2005இல் ஃபெரிட்டினை ரிப்போர்ட்டராக்கிய ஆய்வுகள் வந்தன. எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. பழைய இரத்தக்கசிவும் இருட்டு, காற்றும் இருட்டு. தவிர, இரும்பு சேரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

எனக்குப் பிடித்தது அக்வாபோரின். கலமென்சவ்வில் நீர் மட்டும் போய்வரும் வாசல். அதைக் கண்டறிந்த பீட்டர் ஏகருக்கு 2003இல் வேதியியல் நோபல். அதே ஆண்டு மருத்துவ நோபல் எம்.ஆர்.ஐ.க்காக லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும். 13 வருசம் கழித்து, 2016இல், இரண்டையும் சேர்த்து அக்வாபோரினையே ரிப்போர்ட்டராக்கிக் காட்டினார்கள்.

வகுப்பில் இதற்கு இரண்டு ஷொப்பிங் பேக்கில் பிளேன்டீ ஊற்றிக் கட்டி, பேசின் தண்ணீரில் போடுவேன். ஒன்றில் மட்டும் ஊசியால் இருபது குத்து. “சேர், பேக் ஓட்டை!” என்று பின்வாங்கிலிருந்து ஒரு சத்தம் வரும். ஓட்டையேதான் விசயம். குத்திய பையைச் சுற்றிச் சிவப்பு பரவும், மற்றது அப்படியே கிடக்கும். உவமை முழுசாகப் பொருந்தாது. கலத்தில் நீர் இரு பக்கமும் போய்வரும், மற்றச் சரக்கெல்லாம் உள்ளேயே இருக்கும். வாசல் கூடினால் நீர் தடையில்லாமல் தூரம் அலையும். பக்கவாதத்தைப் பிடிக்க எம்.ஆர்.ஐ.யிலேயே எடுக்கும் பரவல் ஸ்கேன் அந்த அலைச்சலைத்தான் அளக்கிறது, நீர் அதிகமாக அலையும் இடம் அதில் மங்கித் தெரியும். உலோகமே வேண்டாம். நம் உடம்பிலேயே இருக்கும் புரதம் என்பதால் எதிர்ப்புச் சக்தி இதை அந்நியமாகப் பார்க்கும் பயமும் குறைவு. ஆனால் கலம் வீங்கினாலும் செத்தாலும்கூடப் பரவல் மாறும், அதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கலம் எங்கே போகிறதென்று பார்க்க, அதற்குள் இரும்புத் துகளை ஏற்றி அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். அப்படியும் செய்கிறார்கள். ஆனால் கலம் பிரியப் பிரியத் துகள் பங்காகிக் குறையும். கலம் செத்தாலும் துப்புரவு செய்யும் கலங்கள் துகளை விழுங்கி வைத்திருக்க, படம் ‘ஆள் உயிரோடிருக்கிறார்’ என்று பொய் சொல்லும். மரபணுவாக இருந்தால் கலம் செத்ததும் புரதம் செய்வது நின்றுவிடும்.

உங்கள் கேள்விக்கு வருவோம். இதெல்லாம் பெரும்பாலும் எலிகளில் நடப்பது. எம்.ஆர்.ஐ.க்கு உணர்திறன் குறைவு, கொஞ்சக் கலங்கள் மட்டும் சேதி சொன்னால் கேட்காது. மனிதரில் கொஞ்சமாவது பரீட்சித்தது, கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனுக்கான ரிப்போர்ட்டர் ஜீனைத்தான். உங்கள் எம்.ஆர்.ஐ. சீட்டில் ‘கொன்ட்ராஸ்ட்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் முதலில் சொன்ன கடோலினியமாகத்தான் இருக்கும். கிரியேட்டினின் ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், சிறுநீரகம் எப்படி என்று அங்கே பெரும்பாலும் கேட்பார்கள்.