த்ரீ நாட் த்ரீ, மவுசர், அரிசாகா: பித்தளைக் கூடுகளை எங்கே தேடுவது?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். என்னிடம் மூன்று பழைய இராணுவத் துப்பாக்கிகள் இருக்கின்றன: யுகோஸ்லாவியாவின் எம்48 மவுசர், ஜப்பானின் டைப் 99 அரிசாகா, லீ-என்ஃபீல்ட் நம்பர் 4. பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைத்த, இராணுவங்கள் கழித்துவிட்ட சர்ப்ளஸ் தோட்டாக்கள் இப்போது கண்ணில் படுவதில்லை. புதுத் தோட்டா வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. அதனால் ரீலோடிங் (சுட்ட கூட்டில் திரும்ப வெடிமருந்தும் குண்டும் நிரப்புவது) கருவிகள் வாங்கிவிட்டேன். ஆனால் பித்தளைக் கூடுகளே தோட்டா அளவுக்கு விலை சொல்கிறார்கள், பாதி நேரம் 'இருப்பு இல்லை' என்கிறார்கள். பழைய சர்ப்ளஸ் தோட்டாக்களைச் சுட்டு மிஞ்சிய கூடுகள் ஒரு வாளி நிறைய இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா? இல்லையென்றால் மலிவாக எங்கே தேடுவது?

பதில்: வாளியிலிருந்தே தொடங்குவோம். கையில் இருப்பது உதவுமென்றால் கடைக்குப் போக வேண்டியதில்லை. முதலில் ஒரு காந்தத்தைக் கூட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகுக் கூடு, ஒதுக்கிவிடுங்கள். ஒட்டாதவற்றைக் கழுத்து (குண்டு உட்காரும் வாய்ப்பகுதி) வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் நடுவில் ஒரே துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை, பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளி எடுத்துவிட்டுத் திரும்ப நிரப்பலாம். நடுவை விட்டு விலகி இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டான். யுகோஸ்லாவியா, துருக்கி ஆகிய நாடுகளிலிருந்து வந்த பழைய 8 மி.மீ. தோட்டாக்கள் பித்தளையாகவே இருந்தாலும் பெர்டான் வகைதான். அதனால் உங்கள் வாளியில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும்.

பெர்டான் கூட்டைத் திரும்ப நிரப்பவே முடியாதா என்றால், முடியும். பிரைமரைத் தண்ணீர் அழுத்தத்தில் கழற்றலாம், கொக்கி போன்ற கருவியாலும் பிடுங்கலாம். ஆனால் பெர்டான் பிரைமர் பல அளவுகளில் வரும், அமெரிக்காவில் எளிதில் கிடைக்காது. பழைய இராணுவ பிரைமர்களில் சிலவற்றில் பாதரசச் சேர்மம் இருந்தது. சுடும்போது அந்தப் பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. இத்தனை பாடுபட்டு எடுக்கும் கூட்டை நம்ப முடியாது என்றால் எதற்கு? பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போடுங்கள். போடும் முன் சுடாத தோட்டா எதுவும் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

சரி, மலிவுக்கு வருவோம். மூன்று துப்பாக்கிக்கும் ஒரே வழி கிடையாது. எந்தத் தோட்டா எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்கு உழைப்பைக் கொடுத்தால் போதும் என்று பிரிக்க முடியும். பழைய துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு அவற்றைச் சுடாமல் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காததால்தான் நிறுத்திவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

மவுசர் துப்பாக்கிகள் வழியாக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவிய அடிவட்ட அளவு 0.473 அங்குலம், ஏறக்குறைய 12 மி.மீ. அமெரிக்கர்கள் தங்கள் 30-06 தோட்டாவை வடிவமைத்தபோது அதே அடிவட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் எம்48 சுடும் 8×57 (குண்டின் அளவு × கூட்டின் நீளம், மி.மீ.யில்), அர்ஜென்டினா மவுசரின் 7.65×53 எல்லாம் அந்தக் குடும்பம். அரிசாகாவின் 7.7×58-ம் அளவில் இதற்கு மிக நெருக்கம். 30-06 கூட்டின் நீளம் 63 மி.மீ. மற்றவை அதைவிடக் குட்டை. நீளமானதை வெட்டிக் குட்டையாக்கலாம், குட்டையானதை இழுத்து நீட்ட முடியாது. அதனால்தான் துப்பாக்கி சுடும் மைதானத்தில் குவிந்து கிடக்கும் 308 ரகக் கூடு 51 மி.மீ.யோடு நின்றுவிடுகிறது, மவுசருக்கோ அரிசாகாவுக்கோ உதவாது.

அமெரிக்காவில் 30-06-க்குப் பஞ்சமே இல்லை. மான் வேட்டைக் காலத்தை ஒட்டிய வாரங்களில் மைதானங்களில் விசாரியுங்கள். வேட்டைக்காரர்களில் பலர் ரீலோடிங் செய்வதில்லை, ஒரே முறை சுட்ட நல்ல கூடுகளை அங்கேயே விட்டுப் போவார்கள். சில மைதானங்களில் தரையில் விழுந்தது மைதானத்துக்கே சொந்தம் என்று விதி இருக்கும், அதனால் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பயன்படுத்திய கூடுகளை எடை போட்டு விற்பவர்களும் உண்டு. கிரேக்கத்தில் செய்த எச்எக்ஸ்பி முத்திரையிட்ட 30-06 கூடுகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அவை பாக்ஸர் வகை, உறுதியான பித்தளை. இராணுவக் கூடுகளில் பிரைமர் விழாமலிருக்கச் சுற்றிலும் நசுக்கி வைத்திருப்பார்கள். பழைய பிரைமரைத் தள்ளியபின் அந்த நசுக்கலைச் சீவிவிடவோ அழுத்தி விரித்துவிடவோ வேண்டும். இல்லையென்றால் புது பிரைமர் கோணலாக உட்காரும்.

வெட்டும் வேலை கடினமில்லை. கூட்டுக்கு நன்றாக உயவு தடவி, 8×57 ஃபுல் லெங்த் டைக்குள் (கூடு முழுவதற்கும் வடிவம் கொடுக்கும் அச்சு) ஏற்றுங்கள். தோள் (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) பின்னுக்குத் தள்ளப்பட்டு, நீளமான கழுத்து மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சிறு வாளால் கொஞ்சம் கூடுதலாக விட்டு அறுத்து, டிரிம்மரில் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்து, உள்ளும் புறமும் பிசிறு நீக்குங்கள். உயவில் கஞ்சத்தனம் செய்தால் கூடு டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கவனம் வேண்டிய இடம் கழுத்து. புதுக் கழுத்தாக மாறும் பகுதி முன்பு தோளாகவும் உடலாகவும் இருந்த பித்தளை. அது பழைய கழுத்தைவிடத் தடிமனாக இருக்கலாம். தடித்த கழுத்து சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) குண்டைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். சோதிப்பது எளிது. குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்து விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, உங்கள் துப்பாக்கியில் ஏற்கனவே சுட்ட ஒரு கூட்டின் கழுத்தோடு ஒப்பிடுங்கள். சுட்ட கூட்டின் கழுத்துக்குள் புதுக் குண்டு கைவிரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். இறுக்கினால் கழுத்தைக் கடைந்து மெலிதாக்காமல் நிரப்பாதீர்கள். இராணுவக் கூடுகளின் சுவர் தடிமனாக இருப்பதால் உள்ளே இடமும் குறைவு. அச்சில் வந்த கையேட்டின் குறைந்தபட்ச அளவிலிருந்துதான் மருந்தைத் தொடங்க வேண்டும்.

அரிசாகாவுக்கும் இதே வழிதான், டை மட்டும் 7.7. ஆனால் அதன் சேம்பர்கள் சற்றுத் தாராளமாக இருக்கும். 30-06 கூடு சுட்டபின் அடிக்கு மேலே இலேசாகப் புடைத்து வருவதைப் பார்ப்பீர்கள். இலேசான மருந்தோடு சில காலம் உழைக்கும். எனக்குக் கேட்டால், அரிசாகாவுக்கு மட்டுமாவது செர்பியாவின் பர்வி பார்ட்டிஸான் நிறுவனத்தின் அசல் தோட்டாக்களைச் சில பெட்டி வாங்கிச் சுடுங்கள் என்பேன். அவை பாக்ஸர் வகை, துருப்பிடிக்க வைக்காத பிரைமர். சுட்டபின் கையில் நிற்பது உங்கள் சேம்பரின் வடிவத்துக்கே பொருந்திய கூடு. 'தோட்டா விலை' என்று நீங்கள் கொடுப்பதில் ஒரு பங்கு கூட்டுக்கான விலைதான். வெறும் கூட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ரகங்களில் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கும்.

லீ-என்ஃபீல்ட் தனிக் கதை. அது சுடும் த்ரீ நாட் த்ரீயின் அடி விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும் வகை, 30-06 எந்த விதத்திலும் அதற்கு உதவாது. விளிம்பு கொண்ட வேறு பழைய கூடுகளைத் தேடிப்போனால் அவை இதைவிட அரிது. இங்கே காசு கொடுத்துப் புதுக் கூடு வாங்குவதுதான் சரி. வாங்கியதை நெடுநாள் உழைக்க வைத்தால் மலிவு தானாக வரும்.

லீ-என்ஃபீல்டில் கூடு ஏன் சீக்கிரம் போகிறது? போர்க்களத்தில் சேறு ஒட்டிய தோட்டாவும் ஏற வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகக் குடைந்தார்கள். கூட்டைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருப்பதால் சுடும்போது அதுவும் கொஞ்சம் நெகிழும். தோட்டா விளிம்பில் தங்கி நிற்கும், தோளுக்கு முன்னால் வெற்றிடம் இருக்கும். வெடிக்கும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி பின்னால் நகரும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். ஒவ்வொரு முறையும் ஃபுல் லெங்த் டையில் தோளைப் பின்னுக்குத் தள்ளினால் அதே இடம் திரும்பத் திரும்ப இழுபடும். மூன்று, நான்கு முறையிலேயே அடி தனியாக, உடல் தனியாகப் பிய்ந்துவிடக்கூடும்.

இதற்கு வழி இருக்கிறது. புதுக் கூட்டை முதல் முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் ஒரு மெல்லிய ரப்பர் ஓ-ரிங் மாட்டி, இலேசான மருந்தோடு சுடுங்கள். அது கூட்டைப் பின்னால் போல்ட்டோடு ஒட்டி நடுவில் நிறுத்தும். அப்போது அடி இழுபடாமல், தோள் முன்னால் போய் சேம்பரை நிரப்பும். அதன்பிறகு கழுத்தை மட்டும் சுருக்கும் டையைப் பயன்படுத்துங்கள். அந்தக் கூடு இனி அந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான், வேறொரு லீ-என்ஃபீல்டில் ஏறாமல் போகலாம். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரே கூட்டைப் பல மடங்கு முறை சுடலாம். பத்து காசு மலிவான கூட்டைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் நிரப்பும் முன் ஒவ்வொரு கூட்டையும் சோதியுங்கள். காகித கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சற்றே வளைத்து, கூட்டின் உட்சுவரை அடியிலிருந்து மேலாகத் தடவுங்கள். அடிக்குச் சற்று மேலே பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. வெளியே அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அப்படித்தான். இரக்கப்படாமல் நசுக்கிப் போடுங்கள்.

கழுத்தில் விரிசல் வந்தால் பித்தளை கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள். சில முறை சுட்டபின் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக்கினால் ஆயுள் கூடும். அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது, அங்கே பித்தளை இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. பிரைமர் இருக்கும் கூட்டை நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பளபளப்பாக்க அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைத் தொடாதீர்கள். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தபோது, கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் காற்றின் ஈரமும் உள்இறுக்கம் மிகுந்த பித்தளையைத் தாக்கியதுதான் காரணம் என்பது 1920-களில்தான் தெளிவானது. உங்கள் வேலைமேசையிலும் அதே வேதியியல்தான். உமியோ சோளத்தக்கைத் தூளோ போட்ட டம்ளர் (கூடுகளைச் சுழற்றித் துலக்கும் இயந்திரம்) போதும்.

குண்டு வாங்குவதில் ஒரு மிச்சம் உண்டு. அரிசாகாவும் லீ-என்ஃபீல்டும் 0.311, 0.312 அங்குலக் குண்டுகளையே ஏற்கும். இரண்டுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கலாம். எம்48-க்கு 0.323.

நான்காவதாக ஒரு துப்பாக்கி வாங்கும் எண்ணம் இருந்தால், இந்தியாவின் இஷாப்பூர் ஆலையில் செய்த 2ஏ1 அமெரிக்காவில் கிடைக்கும். பார்வைக்கு அசல் லீ-என்ஃபீல்ட், ஆனால் சுடுவது 7.62 நேட்டோ. 308 கூடு போதும், அதற்குப் பஞ்சமில்லை. இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட நேட்டோ கூடுகள் நீண்டு போயிருக்கும், அவற்றை ஒதுக்கி, மிதமான மருந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும் நேரமும் முக்கியம். இந்தப் பழைய ரகங்களை ஆலைகள் ஆண்டு முழுவதும் ஓட்டுவதில்லை. எப்போதோ ஒரு சுற்று ஓட்டிவிட்டு வேறு ரகத்துக்குப் போய்விடுவார்கள். 'இருப்பு இல்லை' என்பது பெரும்பாலும் அடுத்த சுற்று வரைதான். கடைகளின் அறிவிப்புப் பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள். வரும்போது த்ரீ நாட் த்ரீ கூடுகளைச் சில ஆண்டுத் தேவைக்கு ஒரே முறையாக வாங்குங்கள். நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் அனுப்பும் செலவும் பிரியும்.

வெட்டி மாற்றிய கூடுகளின் அடியில் 30-06 என்ற பழைய முத்திரை அப்படியே இருக்கும். பெட்டியின் மேல் எந்தத் துப்பாக்கிக்கு என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் பேனாவால் கூடுகளின் அடியிலும் ஒரு நிறம் தீட்டிவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறப்பவர் முத்திரையை நம்பித் தவறான துப்பாக்கியில் போட்டுவிடக் கூடாது.

அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 'தோட்டா' என்ற வரையறைக்குள் வெறும் கூடும் அடங்கும். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் தேவையில்லை, நிரப்பி விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். ஊருக்கு வரும்போது பையின் மூலைமுடுக்கெல்லாம் உதறிப் பாருங்கள். மைதானத்துக்குக் கொண்டுபோன பையில் மறந்துபோன ஒரு காலிக் கூடு விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால், 1959-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரை போகக்கூடும். பயணத்துக்கு வேறு பை வைத்துக்கொள்ளுங்கள்.