எல்லாரிடமும்தான் கைப்பேசி இருக்கிறதே!

கேள்வி: எழுபதைத் தாண்டிய என் அம்மாவே நாள் முழுக்கக் கைப்பேசியில் காணொளி பார்க்கிறார். சிங்கப்பூரின் தெக்கா சந்தையில் கைப்பேசி இல்லாத ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். பிறகு எதற்கு ‘சிறுபான்மையினரிடையே மின்னிலக்க இடைவெளி’ என்ற பழைய பல்லவி?
- வாசகர், ஈசூன்

பதில்: காணொளி பார்ப்பதுதான் அளவுகோல் என்றால் அந்த இடைவெளி என்றோ அடைபட்டுவிட்டது. அம்மாவை அரசாங்கச் சுகாதாரச் செயலியான ஹெல்த்ஹப்பில் பலதுறை மருந்தகத்துக்கு முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் அடுத்த அறையில் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கைப்பேசி உறைக்குள் மடித்து வைத்திருந்து, பேரன் வந்ததும் சீட்டையும் கைப்பேசியையும் சேர்த்து நீட்டுகிற பாட்டிகள் இங்கே நிறையப் பேர். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று மோசடித் தடுப்பு விளம்பரம் எச்சரிக்கிறது. கடைகளில் செலவிட அரசாங்கம் தரும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டோ இணைப்பாகத்தான் வந்து சேர்கிறது! (சமூக மன்றத்தில் அச்சிட்டும் வாங்கலாம். அதையும் யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.)

உங்கள் பேச்சில் பாதி நியாயம் உண்டு. இங்கே மக்களைப் பிரிப்பது இனத்தைவிட வயதும் வருமானமும்தான். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. குறைந்த வருமான மூத்தோருக்கு உதவித்தொகையுடன் கைப்பேசி, 2023 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மடிக்கணினி, அகண்ட அலைவரிசை இணைய இணைப்பு என்று திட்டங்கள் இருக்கின்றன. எல்லாரிடமும் எல்லாம் இருந்தால் இவை எதற்கு?

கைப்பேசி மட்டும் இருப்பதும் ஒருவகை இல்லாமைதான். அமெரிக்காவில் கறுப்பினத்தவரிடமும் ஹிஸ்பானியரிடமும் கைப்பேசிக்குக் குறைவில்லை. வீட்டில் அகண்ட அலைவரிசை இல்லாமல் கைப்பேசியை மட்டுமே நம்பியிருப்போர் வெள்ளையரைவிட அவர்களிடையே அதிகம். வேலைக்கான விண்ணப்பத்தை உள்ளங்கை அகலத் திரையில் நிரப்பிப் பார்த்தவருக்குத் தெரியும் அந்த இல்லாமை. 2020 ஏப்ரலில் கொவிட் காரணமாகப் பள்ளிகள் வீட்டுக்கு வந்தபோது, அப்பாவின் ஒரே கைப்பேசியை நம்பி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வாடகை வீட்டில் நடந்ததும் அதுதான். அப்பா வேலைக்குக் கிளம்பினால் வகுப்பும் அவர் சட்டைப்பையில் கிளம்பிவிடும். உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் 2028க்குள் என்றிருந்த இலக்கு 2021க்கு இழுக்கப்பட்டது சும்மா இல்லை.

‘எல்லாரிடமும்’ என்கிறீர்களே, அதில் யார் யாரைச் சேர்த்தீர்கள்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர் 9 விழுக்காடு. அது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணிய கணக்கு. துவாஸில் வெளிநாட்டு ஊழியர் விடுதியில் தங்கியிருக்கும் தஞ்சாவூர்க்காரர் அதில் வரமாட்டார். அதே 2020இல் விடுதிகள் பூட்டப்பட்டபோது உடல் வெப்பநிலையைப் பதிவதும், ஊருக்குப் பணம் அனுப்புவதும், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் அவருக்கு ஒரே கைப்பேசியில்தான். முன்கட்டண அட்டையில் தரவு தீர்ந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். ஈசூனில் உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நிற்பதில்லை என்பதால்தான் உங்களுக்கு இது பழைய பல்லவியாகக் கேட்கிறது.