நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதைக் காட்டும் பழைய கலைப்படைப்புகளில் உங்கள் மனதில் நின்றது எது?

பலரும் அமெரிக்க ஓவியர் காப்லி 1778இல் வரைந்த 'வாட்சனும் சுறாவும்' ஓவியத்தைச் சொல்வார்கள். கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் 14 வயதுப் பையனைச் சுறா கவ்வ வருகிறது, படகிலிருந்து கைகள் நீள்கின்றன. பார்த்தால் பதறும் படம்தான். எனக்கோ, கரையில் கிடத்தியபின் என்ன செய்தார்கள் என்பதில்தான் மனசு போய் நிற்கும்.

ஆங்கில ஓவியர் ராபர்ட் ஸ்மர்க் வரைந்து 1787இல் அச்சான இரட்டைப் படங்கள் அதைச் சொல்கின்றன. முதல் படத்தில் ஆற்றிலிருந்து தூக்கி வந்த இளைஞன், கதறும் குடும்பம். இரண்டாவதில் அதே இளைஞன் உயிரோடு கட்டிலில், பக்கத்தில் மருத்துவர்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் ஹாஸ். மூச்சில்லை, உடம்பு சில்லிட்டுவிட்டது என்றால் கதை முடிந்தது என்று ஊரே நம்பிய காலத்தில், 1774இல் இன்னொரு மருத்துவரான தாமஸ் கோகனோடு சேர்ந்து, மூழ்கியவர்களை உயிர்ப்பிப்பதற்காக லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியவர். பிற்பாடு ராயல் ஹியூமேன் சொசைட்டி என்று பெயர் பெற்றது அதுதான். உடம்பைச் சூடாக்கு, வாயோடு வாய் வைத்து ஊது, இல்லையென்றால் துருத்தியால் காற்றடி என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகை ஏற்றுவதும் அந்த முறைகளில் ஒன்று. பயனில்லாத வேலை, ஆனால் கைவிட மனமில்லாதவர்கள் செய்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, காப்பாற்றக் குதித்தவர்களுக்கு அந்தச் சங்கம் கொடுத்த பதக்கம். அணைந்துபோன தீப்பந்தத்தை ஒரு சின்னப் பையன் வாயால் ஊதிக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் லத்தீனில் ஒரு வரி: 'ஒருவேளை ஒரு சிறு பொறி ஒளிந்திருக்கலாம்'. படித்ததும் எனக்கு எங்கள் அம்மாச்சியின் அடுப்படிதான் கண்ணில் வந்தது. விடியற்காலையில் சாம்பலைக் கிளறி, ஊதாங்குழலை வைத்து, கண் கலங்க ஊதிக்கொண்டே இருப்பார். சாம்பல் பறக்கும். கங்கு எங்கே என்றே தெரியாது. திடீரென்று ஒரு மூலையில் சிவக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வதைத்தான் அந்த வெண்கலத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பதக்கத்தின் பின்பக்கம் ஓர் இலை வளையம். மூழ்கியவர் உயிர் பிழைத்திருந்தால், ஒரு குடிமகனைக் காத்ததற்கான பரிசு என்ற வாசகம் அதற்குள் இருக்கும். உயிரைப் பணயம் வைத்துக் குதித்தும் காப்பாற்ற முடியாமல் போனவர்களுக்கும் பதக்கம் உண்டு. அந்த வாசகம் மட்டும் இருக்காது. பந்தத்தை ஊதும் பையன் அதிலும் இருப்பான்.