மதுரையைச் சுற்றி காடு, மலை, ஆற்றோரமாக கிராவல் பைக் (மண், சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான சைக்கிள்) ஓட்ட நல்ல பாதைகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் கிராவல் என்றால் டிப்பர் லாரியில் வந்து இறங்கும் செம்மண் சரளைதான். நான் கிராவல் பைக் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது சித்தப்பா, "லோடுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். டீக்கடையில் யாராவது விசாரித்தால் "சைக்கிள்தாண்ணே, டயர் கொஞ்சம் பெருசு" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வருகிறீர்கள், மூன்று நாள் இருக்கிறது, மலைக்காட்டுக்குள் மண்பாதையில் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மலைக்காட்டு ஆசையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். சிறுமலைக்குத் திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளோடு நல்ல தார் ரோடு இருக்கிறது. ஏறலாம், இறங்கலாம், மலை வாழைப்பழம் வாங்கலாம். கிராவல் பைக்குக்கு அங்கே வேலை இல்லை. அழகர்மலையும் சிறுமலைச் சரிவுகளும் பெரும்பாலும் காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைந்தால் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். விறகு பொறுக்கப் போகிறவர்களின் ஒற்றையடிப் பாதை கூகுள் வரைபடத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதை நம்பிப் போய்ப் பாதி வழியில் காட்டுமாட்டை எதிரே பார்த்தவர்களும் உண்டு, வனக்காவலரை எதிரே பார்த்தவர்களும் உண்டு.

அதனால் என் பதில் இதுதான்: மலைமேல் பாதை தேடாதீர்கள், தண்ணீர் போகிற வழியைப் பிடியுங்கள். மதுரை வட்டாரத்தில் நல்ல மண்பாதை எல்லாம் கால்வாய்க் கரையிலும் கண்மாய்க் கரையிலும்தான் இருக்கிறது.

முதல் நாளுக்குப் பெரியாறு பிரதானக் கால்வாய். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகையில் கலந்து, அணைப்பட்டிக்குப் பக்கத்தில் பேரணையில் தடுக்கப்பட்டு இந்தக் கால்வாயில் இறங்குகிறது. அங்கிருந்து வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாக வளைந்து வளைந்து கள்ளந்திரிக்கு வருகிறது. கால்வாய் ஏன் நேராகப் போகவில்லை என்பது சைக்கிளில் போகும்போதுதான் புரியும். மலையடிவாரத்தை ஒட்டி, ஏறக்குறைய ஒரே உயரத்திலேயே மேடு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. தண்ணீர் தானாக ஓடுவதற்கு வெட்டியது, நமக்கு ஏற்றமே இல்லாத பாதையாகிவிட்டது.

கிழக்கு நோக்கி ஓட்டினால் இடது கைப்பக்கம் மேட்டு நிலம். சிறுமலை, அதற்கு முன்னால் மாந்தோப்பு, பொட்டல், ஆட்டுக்கிடை. வலது பக்கம் பள்ளம், முழுக்க வயல். கால்வாய்த் தண்ணீர் மேட்டுக்கு ஏறாதல்லவா, அதனால் கரை ஒன்றே எல்லைக்கோடு மாதிரி ஒரு பக்கத்தைப் பச்சையாகவும் மறுபக்கத்தைப் பழுப்பாகவும் பிரித்துவிடுகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்று ஊரில் சொல்வார்கள். தை மாதத்தில் கதிர் முற்றியிருக்கும், அறுவடை இயந்திரங்கள் இறங்கியிருக்கும். தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் டயரை ஏற்றிவிடாதீர்கள். திட்டு வாங்குவோம் என்பதற்காக மட்டும் இல்லை, காய்ந்த நெல்லின்மேல் முன்சக்கரம் வழுக்கும்.

கரை முழுவதும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். சில இடங்களில் தார் போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் கப்பி, சில இடங்களில் சீமைக் கருவேலம் இரண்டு பக்கமும் மூடிக் குனிந்துதான் போக முடியும். மதகுக்கு மதகு ஊர்ப்பாதை வந்து சேரும், வேண்டாம் என்றால் அங்கே இறங்கிவிடலாம்.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஊரில் பயணத்தைத் தீர்மானிப்பது தூரம் இல்லை, முள். நெருஞ்சி குத்தினால் பிரச்சினை இல்லை. ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலண்ட் என்ற திரவம் ஓட்டையை அடைத்துவிடும். கருவேல முள் அப்படி இல்லை. காய்ந்த முள் ஆணி மாதிரி உள்ளே ஏறி, வெளியே ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிடும். வாடிப்பட்டிக்கு மேற்கே ஒருமுறை எனக்கு அப்படித்தான் ஆனது. சீலண்ட் காய்ந்துபோய் மாதக்கணக்கானதைக் கவனிக்காதது என் தப்பு. ட்யூப் போட்டேன், அரை கிலோமீட்டர் போனேன், மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. கரையில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"என்ன தம்பி, முள்ளா?"

"ஆமாய்யா. ரெண்டாவது தடவை."

"ரெண்டாவதுன்னா அதே முள்ளுதான். உள்ள கெடக்கும், பாரு."

பக்கத்தில் குத்தவைத்து, டயரை வாங்கி, உள்பக்கம் துண்டை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துண்டின் நூல் சிக்கியது. அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த முள்வாங்கியை எடுத்து, கண்ணுக்கே தெரியாத ஒரு கறுப்புப் புள்ளியை நெம்பி இழுத்தார். கால் அங்குலம் இருக்கும். ஆட்டுக் குளம்பில் தினமும் பத்து முள் எடுப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. நான் விரலால் தடவிப் பார்த்து எதுவும் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அதன்பிறகு வெளியூரில் வாங்கிய பளபளப்பான டூல் கிட்டோடு ஒரு முள்வாங்கியும் ஒரு துண்டுத் துணியும் என் சாமான் பையில் இருக்கின்றன. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். டயர் அகலம் 40 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், கிளம்பும் முன் புது சீலண்ட் ஊற்றிவிடுங்கள், ட்யூப் இரண்டு.

ஆறு வேண்டும் என்றால் சோழவந்தான் பக்கம். திருவேடகம், சோழவந்தான், தென்கரை, குருவித்துறை என்று வைகையை விடாமல் மேற்கே போய் அணைப்பட்டி ஆஞ்சநேயர் கோயிலில் முடிக்கலாம். தென்னை, வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்கால் என்று நிழலிலேயே போகும் வழி. கொடிக்காலுக்குள் காலையில் நுழையும் குளிர்ச்சியை நானாகச் சொல்லி விளங்கவைக்க முடியாது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கடையில் ஒரு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்றைப் பற்றி மட்டும் பெரிய கனவு வேண்டாம். தண்ணீர் திறந்துவிட்டால் வைகை ஆறு, இல்லாவிட்டால் மணலும் நாணலும். திரும்பும்போது வடகரை வழியாக வராமல் விக்கிரமங்கலம் போய் நாகமலையின் ஓரமாக வந்தால் மாலை வெயிலில் மலை முழுக்கச் செந்நிறமாக இருக்கும்.

மூன்றாவதாக அரிட்டாபட்டி. மேலூர் ரோட்டில் நரசிங்கம்பட்டியில் பிரிந்து செம்மண் பாதையில் போகலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து அறிவித்தார்கள். சிவனின் வடிவமான லகுலீசர் சிற்பம் உள்ள பாண்டியர் குடைவரை, தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, சமணர் கற்படுக்கை எல்லாம் ஒரே இடத்தில். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து இந்த ஊர்க்காரர்கள் போராடி, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதனால் புதிதாக யாராவது வந்தால் யார், என்ன என்று கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பாறைமேல் சைக்கிளை ஏற்ற வேண்டாம். வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகள் அவை. கீழே கண்மாய்க் கரையிலேயே போதுமான பாதை இருக்கிறது.

மேகமலை, மல்லப்புரத்திலிருந்து மயிலாடும்பாறை போகும் மலைச்சாலை இவற்றையெல்லாம் யாராவது சொல்வார்கள். அது 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். யானை நடமாட்டம் உள்ள இடம். சோதனைச்சாவடியில் கேட்டு, அனுமதித்தால் மட்டும், கூட்டமாகப் போகலாம். தனியாகச் சைக்கிளில் போக நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் மண். மழை பெய்திருந்தால் திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கரிசல் நனைந்தால் நூறு அடிக்குள் சக்கரமும் ஃபோர்க்கும் ஒட்டிக்கொண்டு சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும். அழகர்கோயில், நத்தம், மேலூர்ச் செம்மண் மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் ஓட்டத் தயாராகிவிடும்.

நீங்கள் வருகிற நாள்தான் சிக்கல். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. கால்வாய்ப் பாதை பின்னிரண்டு ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது, அந்த நாட்களில் போலீஸ் தடுப்பும் வண்டிக் கூட்டமும் பல கிலோமீட்டருக்கு இருக்கும். பொங்கலன்று கால்வாயை முடித்துவிடுங்கள், அடுத்த நாள் சோழவந்தான். மூன்றாம் நாள் அரிட்டாபட்டிக்கு விடியற்காலையில் போய் ஒன்பது மணிக்குள் திரும்பினால், டிவியில் அலங்காநல்லூர் மாடு பார்க்க நேரம் இருக்கும்.